வேலி அடைக்க முன்னம்

ஊரில் கதியால் ஒரு சாண் தள்ளினால்தான் சண்டை. கிடுகோ தகரமோ, அது எங்கள் விருப்பம். அந்த நினைப்பில் இங்கே இங்கிலாந்திலும் வீட்டு முன்பக்கம், றோட்டோரம், 6 அடிப் பலகை வேலி அடித்தேன். இரண்டு கிழமையில் கவுன்சில் கடிதம். ஹோம் ஒபிஸ் கடிதமென்று பயந்து மனைவி அன்று உலையே வைக்கவில்லை.

விசாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் பதில் எழுதாமல் விடாதீர்கள். அகற்றச் சொல்லிச் சட்டப்படி அறிவித்தல் வந்தபின் அதை மீறினால் குற்றம்.

பொருளைவிட உயரத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். வாகனம் ஓடும் றோட்டை ஒட்டியென்றால் 1 மீற்றர், மற்றப் பக்கம் 2 மீற்றர். அதற்கு மேலென்றால் அனுமதி வேண்டும். முள்ளுக்கம்பி வேண்டவே வேண்டாம். தெருவால் போகிறவருக்குக் காயம் வருமென்றால் 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டப்படி கழற்றச் சொல்லலாம். சில வீட்டு உறுதிகளில் முன்பக்கம் வேலியே கூடாதென்று எழுதியிருக்கும், வாசித்துப் பாருங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரைக் கேளுங்கள்.

நான் பலகையை இடுப்பளவுக்கு அரிந்துவிட்டேன். மிச்சத் துண்டுகள் பின்வளவில் கிடக்கின்றன. தேவையானவர்கள் வந்து எடுக்கலாம்.