காரணம் கேட்டா தீவிரவாதியா?

தோழர்களே, நம்ம பதிவுகளுக்குக் கீழே ஒரு வாரமா ஒரே பல்லவி: "தீவிரவாதம் ஏன் வருதுன்னு பேசுறவன் தீவிரவாதிக்கு வக்காலத்து வாங்குறான்." பதில் சொல்லிடுவோம். கொஞ்சம் பொறுமையா படிங்க.

1998 பிப்ரவரி 14, கோவை. தொடர் குண்டுவெடிப்பில் 58 உயிர் போச்சு. நம்ம ராசிபுரத்தில் காலையில பஸ் ஏறினா மத்தியானத்துக்குள்ள போய்ச் சேர்ற ஊர். குண்டு வெச்சவனுக்கு மன்னிப்பே கிடையாது, அதுல ரெண்டு பேச்சு இல்லை. ஆனா அதுக்கு இரண்டரை மாசம் முன்னாடி, 1997 நவம்பர் கடைசியில், அதே ஊர்ல ஒரு போலீஸ்காரரைக் குத்திக் கொன்னாங்க. அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் செத்தாங்க. அன்னைக்கே எல்லாருக்கும் நியாயம் கிடைச்சிருந்தா, குண்டு வைக்க ஆள் தேடினவனுக்கு அவ்வளவு சுலபமா ஆள் கிடைச்சிருக்குமா? இதைக் கேட்கிறது வக்காலத்து இல்லைங்க. பாய்லர் வெடிச்சா, ஏன் வெடிச்சுதுன்னு பார்க்காம விட்டா அடுத்த பாய்லரும் வெடிக்கும். இஞ்சினியரிங்ல நான் உருப்படியா கத்துக்கிட்டது அது ஒண்ணுதான்.

சரி, உலகம் என்ன செஞ்சுச்சு? 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து 17 நாள்ல ஐ.நா. பாதுகாப்பு சபை 1373-ஆம் தீர்மானத்தைப் போட்டுச்சு. பணத்தை முடக்கு, அடைக்கலம் கொடுக்காதே, தண்டிக்கச் சட்டம் போடு. நல்லதுதான். பணம் போற வழியை அடைக்காம ஒண்ணும் நடக்காது. ஆனா பயங்கரவாதம்னா என்னன்னு அதுல விளக்கமே இல்லை. எல்லா நாட்டுக்கும் பொதுவா ஓர் உடன்படிக்கை வேணும்னு 1996-லயே வரைவு கொடுத்தது இந்தியாதான். அதுவும் இந்த விளக்கத்துலயே சிக்கி இன்னும் முடியல.

விளக்கம் இல்லாத வார்த்தை ஆட்சியில இருக்கிறவங்க கைக்குப் போனா என்ன ஆகும்? அந்தத் தீர்மானத்தைக் காட்டித்தான் 2002-ல் பொடா வந்துச்சு. அதே வருஷம் ஜூலையில் அது வைகோவைப் பிடிச்சுது. குற்றம்? திருமங்கலம் மேடையில் விடுதலைப் புலிகளை ஆதரிச்சுப் பேசினது. சுமார் 19 மாசம் வேலூர் சிறை. (பொடாவைக் கொண்டுவந்த கூட்டணியில்தான் ம.தி.மு.க.வும் இருந்துச்சு, அது தனிக் கூத்து.) 2003-ல் நக்கீரன் கோபால். அந்த வருஷம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பயங்கரவாதத்துக்கு உதவுற நோக்கம் இல்லாத வெறும் ஆதரவுப் பேச்சு குற்றம் ஆகாதுன்னு சொல்லிச்சு.

2004-ல் பொடா போச்சு. எங்க போச்சு? அதோட ஷரத்துகள் பலதும் அதே வருஷம் 1967-ஆம் வருஷத்து யுஏபிஏ சட்டத்துக்குள்ள குடியேறிடுச்சு. 2008 திருத்தத்துக்கு அப்புறம் குற்றப்பத்திரிகையே இல்லாம 180 நாள் வரை உள்ளே வைக்கலாம். 2019 திருத்தத்துக்கு அப்புறம், கோர்ட் தீர்ப்பு இல்லாமலே ஒரு தனி ஆளை மத்திய அரசே பயங்கரவாதின்னு அறிவிக்கலாம்.

அடுத்த தடவை கமெண்ட்ல "இன்னும் கடுமையான சட்டம் வேணும்"னு யாராவது வந்தா திட்டாதீங்க. ரெண்டே கேள்வி கேளுங்க. அந்தச் சட்டத்துல பயங்கரவாதின்னா யாரு? உங்களுக்குப் பிடிக்காத கட்சி ஆட்சிக்கு வந்தா, அதே சட்டம் அவங்க கையில இருக்க உங்களுக்குச் சம்மதமா?

பதில் வந்தா ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்ம ராசிபுரம் குரூப்ல போடுங்க.

#தகவல்_தொழில்நுட்ப_அணி #ராசிபுரம்