சிறிய டர்போ வாகனங்கள்: வரியில் மிஞ்சுவது எங்கே கரைகிறது?

ஐந்து வருடத் தடைக்குப் பின்னர் 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது. அதன் பிறகு இங்கு வந்து சேரும் ஜப்பானிய வாகனங்களில் சிறிய டர்போ என்ஜின் பூட்டியவை குறைவில்லை. 660 சி.சி. சுசுகி எவ்ரி வான், வகன் ஆரின் டர்போ வகை, 996 சி.சி. டொயோட்டா ரைஸ் எனப் பட்டியல் நீளும். இவற்றைச் சனம் ஆசைப்பட்டு மட்டும் வாங்குவதில்லை. எங்கள் நாட்டில் கலால் வரி என்ஜினின் சி.சி. அளவைப் பார்த்து ஏறுகிறது. 1,000 சி.சி.க்குக் கீழே நிற்கவும் வேண்டும், குடும்பத்தையும் பொதிகளையும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு ஓடவும் வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தருவது டர்போ. மூன்று சிலிண்டர் ரைஸ் 98 குதிரைவலுவைத் தருவது அதனால்தான்.

அந்த வலுவுக்கு ஒரு விலை உண்டு. வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றும் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் தடவைக்கு மேல் சுழலும். அதைத் தாங்கி நிற்பது மெல்லிய ஒயில் படலம் மட்டுமே. இந்த என்ஜின்கள் கொள்ளும் ஒயிலோ ஏறத்தாழ மூன்று லீற்றர்தான். குறைந்த ஒயில், கூடிய சூடு. ஒயில் சீக்கிரம் கருகிக் கசடாகும், கசடு நுண்ணிய ஒயில் வழிகளை அடைக்கும், தண்டு வரண்டு தேயும். எவ்ரி போன்ற வான்களில் என்ஜின் முன் ஆசனத்துக்குக் கீழே அடைபட்டிருப்பதால் சூடு வெளியேறுவதும் கடினம்.

ஜப்பானில் சாதாரண 660 சி.சி. சுசுகிக்கு ஒயில் மாற்றும் எல்லை 10,000 கிலோமீற்றர். டர்போ பூட்டியதற்கு 5,000, அல்லது ஆறு மாதம். புழுதி வீதி, ஓயாத நீண்ட ஓட்டம் போன்ற கடும் பாவனையில் அதுவும் பாதியாகி 2,500 ஆகிறது. இதை எங்கள் கணக்கில் வைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணம் – கொழும்பு போய்வர ஏறத்தாழ 800 கிலோமீற்றர். கிழமைக்கு இரண்டு ஹயர் ஓடும் வான் 5,000ஐ மூன்று கிழமையில் தாண்டிவிடும். 2,500 என்றால் பதினொரு நாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சேர்விஸ் செய்து தன் வாகனத்தை நன்றாகப் பார்ப்பதாக நம்பும் ஓட்டுநர், உண்மையில் ஐந்து ஒயில் மாற்றங்களைத் தவறவிட்டிருப்பார்.

பழுது சொல்லிவிட்டுத்தான் வரும். ஒரு சேர்விஸுக்கும் அடுத்ததுக்கும் இடையில் ஒயில் மட்டம் இறங்கும். காலையில் ஸ்ராட் பண்ணும்போது நீலப்புகை. அக்சிலறேற்றரை மிதிக்கையில் புதிதாக ஒரு விசில் சத்தம், மேட்டில் இழுவைக் குறைவு. விசில் எல்லாம் டர்போ செத்த சத்தம் என்று எண்ண வேண்டாம்; வெடித்த காற்றுக் குழாயும் அதே சத்தம் போடும், அதை மாற்றுவது சின்னச் செலவு. காற்று வடிகட்டியை மட்டும் அலட்சியம் செய்யக்கூடாது. உள்ளே புகும் புழுதி நேராக டர்போவின் இதழ்களில்தான் போய் அடிக்கும்.

சில பயங்கள் தேவையற்றவை. ஐரோப்பாவில் பெஜோ, சிற்றோன் சிறு கார்களின் 1.2 லீற்றர் பியூர்ரெக் என்ஜினில் ஒயிலில் நனைந்தோடும் ரைமிங் பெல்ற் உதிர்ந்து, ஒயில் பம்பின் வாயை அடைத்தது. ஸ்ரெலான்ரிஸ் நிறுவனம் உத்தரவாதத்தை 10 வருடம் அல்லது 1,75,000 கிலோமீற்றர் வரை நீட்ட வேண்டியதாயிற்று. அந்தக் காணொளிகளைப் பார்த்துவிட்டு ரைஸ் வைத்திருப்பவர் கலங்கத் தேவையில்லை. ரைஸிலும் சுசுகியின் 660 என்ஜினிலும் இருப்பது சங்கிலி. டர்போ என்றாலே 95 ஒக்ரேன் என்பதும் இவற்றுக்குப் பொருந்தாது. ஜப்பானின் சாதாரணப் பெற்றோலுக்கான குறைந்தபட்ச அளவே 89 என்பதால், அதற்கென்று செய்த என்ஜினுக்கு எங்கள் 92 போதும். மிஞ்சும் காசுக்கு நல்ல ஒயில் வாங்கலாம்.

எங்கள் கராஜ்களின் கைத்திறன் பொருளாதாரத் தடைக் காலத்தில் வளர்ந்தது. சிறு போத்தலில் இருந்து சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் கேம்பிரிஜ்ஜையும் மொறிஸ் மைனரையும் ஓட்டிய ஊர் இது. அந்த என்ஜின்கள் எதையும் பொறுத்தன, இல்லாததை வைத்துச் சமாளித்தவர்களின் திறமையையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் "இந்த ஒயிலும் பிடிக்கும்" என்ற அந்தக் காலத்துத் தாராளம் டர்போவிடம் செல்லாது. தடித்த ஒயில் குளிர்ந்த என்ஜினில் தண்டுவரை போய்ச் சேரச் சுணங்கும். நீண்ட ஓட்டம் முடிந்ததும் சாவியைத் திருப்பி உடனே நிறுத்தினால், கொதிக்கும் டர்போவுக்குள் நின்ற ஒயில் அங்கேயே கருகும். ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவதற்குச் செலவே இல்லை.

உண்மையான ஆபத்து இரண்டாம் கைச் சந்தையில் இருக்கிறது. 2020க்கு முன் வந்த டர்போ வாகனங்கள், தடைக் காலத்தில் விலை ஏறியபடியே கை மாறிக்கொண்டிருந்தன. மீற்றர் காட்டும் எண்ணை நம்ப முடியாது. ஒயில் எப்போது மாற்றப்பட்டது என்பதற்குப் பலரிடம் ஒரு துண்டும் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பிய முற்பணமும் லீசிங்கும் சேர்ந்து வாங்கப்படும் வான் அது. டர்போ போய் ஒரு மாதம் கராஜில் நின்றால் ஹயர் வராது, தவணை மட்டும் வரும். இரண்டு தவணை தவறினால் லீசிங்காரர் வாசலில் நிற்பார். ஆகவே காசு கொடுக்க முன் ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே கரிய பசை அப்பியிருந்தால் விலை பேசாமல் திரும்பிவிடலாம். இரவு முழுக்க நின்ற வாகனத்தைக் காலையில் நீங்களே ஸ்ராட் பண்ணிப் பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.

அந்த 5,000, 2,500 எல்லைகள் ரகசியமல்ல. வாகனத்தோடு வரும் பராமரிப்புக் கையேட்டில் அச்சிடப்பட்டிருக்கின்றன, ஜப்பானிய மொழியில். ஒரு வாகனத்தில் பல இலட்சம் ரூபா வரி எடுக்கும் அரசு, அதில் ஒரு பக்கத்தையாவது தமிழிலும் சிங்களத்திலும் தரும்படி இறக்குமதியாளரைக் கேட்கலாம். கேட்கும்வரை, கையேட்டைக் கைப்பேசியில் படமெடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பாருங்கள். எண்களாவது பிழையின்றி வரும்.