புறாவோடு வந்த பெற்றோர்



அட்வெந்து நாட்கள் தொடங்கிவிட்டன. கேரல் பவனிக்கான தேதிகள் குறிக்கப்பட்டுவிட்டன. ஜவுளிக்கடைகளிலும் கூட்டம் பெருகுகிறது. ஆகவே இந்த வாரம் பணத்தைக் குறித்து எழுதுகிறேன்.

சென்ற ஜனவரியில் நம் சபையின் சகோதரர் ஒருவர் என்னைக் காண வந்தார். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பண்டிகைக்காக மனைவியின் சங்கிலியை அடகு வைத்திருந்தார். நால்வருக்குப் புத்தாடை, அண்டை வீட்டாருக்குக் கேக், விருந்து என அந்தப் பணம் கரைந்துபோயிற்று. இப்போது பிள்ளைகளின் மூன்றாம் பருவக் கட்டணத்திற்கு வழியில்லை. "ஏன் இவ்வளவு செலவு?" என்று கேட்டேன். "ஐயா, பண்டிகையன்று பிள்ளைகள் பழைய துணியில் கோயிலுக்கு வந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்றார்.

அந்த நாலு பேர் யார்? நாம்தான். கிறிஸ்மஸ் காலையில் பிரசங்க பீடத்திலிருந்து, எல்லாரும் புத்தாடையில் ஒளிர்கிறீர்கள் என்று மகிழ்ச்சியோடு சொன்ன நானும் அவர்களில் ஒருவன். அந்தச் சொல் அவர் நெஞ்சில் எப்படி விழுந்திருக்கும் என்று அன்று நான் எண்ணவில்லை.

லூக்கா 2ஆம் அதிகாரத்தில் மரியாளும் யோசேப்பும் குழந்தை இயேசுவை எருசலேம் தேவாலயத்திற்குக் கொண்டுவருகிறார்கள். சுத்திகரிப்பின் பலிக்கு ஆட்டுக்குட்டி கொண்டுவர வேண்டும் என்பது பிரமாணம்; அதற்குச் சக்தியில்லாதவள் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம் என்று லேவியராகமம் 12ஆம் அதிகாரம் இடங்கொடுக்கிறது. லூக்கா புறாக்களை மட்டுமே குறிப்பிடுகிறார். (சாஸ்திரிகளின் பொன் அதுவரை அவர்கள் கைக்கு வரவில்லை போலும்!) உலக இரட்சகரின் தாய், ஏழைகளுக்குரிய காணிக்கையோடு ஆலயத்தில் நின்றாள். ஆட்டுக்குட்டிக்காக யோசேப்பு எவரிடமும் கடன்படவில்லை என்றே நான் வாசிக்கிறேன்.

இன்று கடன் கேட்கவே வேண்டியதில்லை, அட்டையைத் தேய்த்தால் போதும். ஆனால் மாதம் 3.5 விழுக்காடு வட்டி என்றால் ஆண்டுக்கு 42 விழுக்காடு! குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருகிறவருக்கு, அடுத்த கிறிஸ்மஸ் வரும்போதும் இந்தக் கிறிஸ்மஸின் சட்டைக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

கடைக்குப் போகுமுன் குடும்பமாக அமர்ந்து ஜெபியுங்கள். பின்பு எவ்வளவு செலவிடலாம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஜனவரிக் கட்டணத்தையும் வீட்டு வாடகையையும் முதலில் ஒதுக்குங்கள். மீதி எவ்வளவு என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். நாம் நினைப்பதைவிட அவர்கள் புரிந்துகொள்வார்கள். அந்தத் தொகையை மட்டும் ரொக்கமாக எடுத்துச் செல்லுங்கள். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பார்கள். ஒன்றுதான் தேவையென்றால் அது இலவசமல்ல. சபைக்குத் தரும் காணிக்கையும் இந்தக் கணக்குக்குள் அடங்கட்டும். உள்ளதற்குத் தக்கதாகவே கொடுக்கும்படி பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். அதற்கு மேல் உங்களிடம் கேட்க எனக்கு உரிமையில்லை.

பெரியோரே, ஒன்று வேண்டுகிறேன். பண்டிகையன்று சிறுவரைப் பார்த்து, "புதுத்துணி எடுக்கவில்லையா?" என்று கேட்காதிருங்கள்.

இவ்வாண்டு கிறிஸ்மஸ் ஆராதனைக்கு நானும் என் வீட்டாரும் ஈஸ்டருக்கு எடுத்த உடைகளையே உடுத்தி வருவோம். துவைத்துத் தேய்த்து வைத்தாயிற்று.