கடைசி நொடிகளில் உயரமானவனை ஏன் வெளியே எடுக்கிறார்கள்?

கட்டுகஸ்தோட்டையில் நான் தங்கியிருக்கும் அறையிலிருந்து பத்து நிமிட நடைத் தூரத்தில் ஒரு கூடைப்பந்தாட்டத் திடல் இருக்கிறது. சில வாரங்களுக்கு முன் ஒரு மாலையில் அங்கே இரண்டு பாடசாலை அணிகள் மோதின. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கிளிநொச்சிக்காரர். போர் முடிந்து சில வருடங்களின் பின் வேலை தேடிக் குடும்பத்தோடு கண்டிக்கு வந்தவர். அவருடைய மகன்தான் ஒரு அணியின் சென்ரர். திடலில் நின்ற பத்துப் பேரிலும் உயரமானவன்.

ஆட்டம் முடிய சில நொடிகளே இருந்தன. மகனின் அணி ஒரு புள்ளி முன்னிலை. பந்து எதிரணியிடம். பயிற்றுவிப்பாளர் ஆட்டத்தை நிறுத்தி, அந்தப் பையனை வெளியே எடுத்து, அவனைவிடக் குள்ளமான ஒருவனை உள்ளே விட்டார். எதிரணியின் பையன் ஒருவன் வெறுமையாய்க் கிடந்த வளையத்தை நோக்கி ஓடிப் பந்தை வைத்துவிட்டுப் போனான். தோல்வி.

"ஏன் தம்பி, இருக்கிறதுக்குள்ள உயரமான பொடியனைக் கடைசி நேரத்தில வெளிய எடுத்தவை?" என்று அவர் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாங்கள் வெளியாக்கள் எண்டபடியாலோ?" என்றார்.

அந்தக் கேள்வியைச் சிரித்துத் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. காரணம் சொல்லாமல் ஒதுக்கப்பட்ட அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் முதற் கேள்விக்கு விளையாட்டுக்குள்ளேயே ஒரு பதில் இருக்கிறது.

2013 மே 22ஆம் திகதி, அமெரிக்காவின் என்.பி.ஏ. கிழக்குப் பிராந்திய இறுதித் தொடரின் முதல் ஆட்டம். மயாமி ஹீற் அணிக்கும் இந்தியானா பேசர்ஸ் அணிக்கும் இடையிலான அந்த ஆட்டம் மேலதிக நேரத்துக்குப் போயிருந்தது. 2.2 நொடிகள் மீதமிருக்கையில் இந்தியானாவின் போல் ஜோர்ஜ் மூன்று இலவச எறிகளையும் போட்டு அணியை 102–101 என முன்னிலைப்படுத்தினார். அடுத்த கணம், ஏழடிக்கு மேல் உயரமான சென்ரர் ரோய் ஹிபர்ட்டைப் பயிற்றுவிப்பாளர் பிராங்க் வோகல் வாங்கில் இருத்தினார். லெப்ரோன் ஜேம்ஸ் பந்தை வாங்கி, ஜோர்ஜைத் தாண்டி இடப்பக்கமாக ஓடி, மணி ஒலிக்கும்போது பந்தை வளையத்துக்குள் போட்டார். 103–102. மயாமி வென்றது.

வோகலின் கணக்கு முட்டாள்தனமானது அல்ல. மயாமியின் உயரமான வீரர் கிறிஸ் பொஷ் தூரத்திலிருந்தும் எறியக்கூடியவர். அவரைக் காக்க ஹிபர்ட் வெளியே போனால் வளையத்தடி வெறுமையாகும். வளையத்தடியிலேயே நின்றால் பொஷ் தனித்துவிடுவார். யாரும் யாரையும் மாற்றிக் காக்கக்கூடிய, கால் வேகமான ஐந்து பேரை நிறுத்தினால் இந்தச் சிக்கல் இல்லை.

பிழை வேறோர் இடத்தில் இருந்தது. மூன்று புள்ளி முன்னிலையில் இருக்கும் அணி, தூரத்து எறியைத்தான் அஞ்ச வேண்டும். அப்போது சென்ரரை எடுப்பதில் நியாயம் உண்டு. ஒரு புள்ளி முன்னிலையில் அப்படி அல்ல. இரண்டு புள்ளியும் தோற்கடிக்கும், மூன்று புள்ளியும் தோற்கடிக்கும். அப்படியென்றால் முதலில் அடைக்க வேண்டியது ஆக இலகுவான வழியை. வளையத்தடியில் பந்தை வைப்பதைவிட இலகுவான எறி கூடைப்பந்தில் இல்லை. கட்டுகஸ்தோட்டையில் நடந்ததும் இதே பிழைதான்.

நமக்கு நன்கு தெரிந்த ஓர் உயரமானவர் தர்ஜினி சிவலிங்கம். யாழ்ப்பாணம் புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்தவர், உயரம் 2.08 மீற்றர். 2018இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை வலைப்பந்தாட்ட அணியில் ஆடினார். 2019 உலகக் கிண்ணத்தில் 348 கோல்களுடன் எல்லோருக்கும் முதலிடத்தில் நின்றார். வலைப்பந்தாட்டத்தில் கோல் எறிபவர் தன் எல்லையைத் தாண்டித் தற்காப்புக்கு வரவே முடியாது. ஆகவே 'இவரால் ஓடிக் காக்க முடியுமா?' என்ற கேள்வியை அந்த விதியே எழவிடுவதில்லை. கூடைப்பந்தில் ஐவரும் இரண்டையும் செய்ய வேண்டும். உயரம் அங்கே சில நொடிகளில் பலம், சில நொடிகளில் சுமை.

அப்படியானால் ஒரு முடிவு தந்திரமா, ஓரவஞ்சனையா என்று வாங்கில் இருப்பவன் எப்படி அறிவது? மூன்று விடயங்களைப் பார்க்கலாம். காரணம் அவனுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டதா? அதே நிலையில் வேறு யாராக இருந்தாலும் அதே முடிவுதானா? பிழைத்துப்போனால், எடுத்தவர் அதைத் தன் தலையில் ஏற்கிறாரா? வோகல் அன்றிரவே செய்தியாளர் முன்னிலையில், அடுத்த முறை ஹிபர்ட்டை உள்ளே வைத்திருக்கக்கூடும் என்று ஒத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து நடந்த ஆட்டத்தில் ஹிபர்ட் 29 புள்ளிகள் எடுத்தார். இந்தியானா 97–93 என வென்றது. தொடரைக் கடைசியில் மயாமிதான் 4–3 எனக் கைப்பற்றியது. ஆனால் ஹிபர்ட் மீது பழி விழவில்லை.

ஆட்டம் முடிந்து அந்தப் பையன் வியர்வையைத் துடைத்தபடி எங்களிடம் வந்தான். தகப்பன் கேட்க முதலே நான் கேட்டேன். "சேர் முதலே சொன்னவர் அண்ணா. கடைசிப் பந்துக்கு எல்லாரும் மாறி மாறிப் பிடிக்கோணும், நீ இரு எண்டு. இப்ப வந்து, தான்தான் பிழை விட்டனான் எண்டும் சொன்னவர்." சொன்னதெல்லாம் சிங்களத்தில். பையனுக்கு விளங்கும். தகப்பனுக்கு விளங்காது.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அதை எனக்கும் விளங்கிற மாதிரி ஆரும் சொல்லியிருந்தால் நான் இப்பிடி நினைச்சிருக்க மாட்டன் தம்பி" என்றார்.

அவருடைய சந்தேகம் அன்று பிழைத்துப்போனது. ஆனாலும் அந்தச் சந்தேகம் ஏன் வந்தது என்பதை அந்தத் திடலில் யாரும் அவரிடம் கேட்கவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு அவரோடு நானும் போவதாகச் சொல்லியிருக்கிறேன். பயிற்றுவிப்பாளர் சொல்வதைப் பக்கத்திலிருந்து தமிழில் சொல்ல ஒருவர் வேண்டுமே.