கட்டக் குறியும் கடல் கடந்த தமிழரும்

கோயமுத்தூர் அவிநாசி ரஸ்தாவின் தேநீர்க் கடைகளிலும், பொள்ளாச்சியின் இளநீர் வண்டிகளிலும், ஈரோட்டு ஜவுளிச் சந்தையிலும் இன்று கறுப்புக் கட்டங்கள் நிறைந்த சதுரக் குறியொன்று காணப்படுகிறது. கைப்பேசியை அதற்கு நேரே பிடித்தால் பணம் கை மாறிவிடுகிறது. கியூ.ஆர். என்று வழங்கும் இக்குறி நமது ஜனங்களுக்கு இப்பொழுது புதுமையன்று. ஆனால் அதே மனிதர் பீளமேட்டில் விமானமேறிச் சிங்கப்பூரிலோ ஷார்ஜாவிலோ இறங்கினால், அங்கும் அதே உருவமுள்ள குறியைக் காண்கிறார். அதே கைப்பேசியை நீட்டுகிறார். பல கடைகளில் காசு நகர மறுக்கிறது. உருவம் ஒன்றாயிருக்கப் பயன் வேறாவதேன் என்பதை ஆராய்வதும், அதற்குப் பரிகாரம் கேட்பதும் நமது கடமையாகும்.

இக்குறி 1994-ல் ஜப்பானிய டென்சோ வேவ் கம்பெனியில் மஸாஹிரோ ஹாரா என்ற நிபுணரும் அவருடைய சகாக்களும் கண்டுபிடித்தது. மோட்டார் உறுப்புகளைத் தொழிற்சாலையில் கணக்குத் தவறாமல் அடையாளங் காண்பதே அப்பொழுது நோக்கம். கம்பெனியார் தமக்குரிய காப்புரிமையை வற்புறுத்தாமல் யாவரும் எடுத்தாள விட்டுவிட்டனர். ஆகையினாலேயே அது உலகெங்கும் பரவிற்று. எனவே குறி எவருடைய தனிச் சொத்துமன்று. அது கடிதத்தின் மேல்விலாசம் போன்றது. மேல்விலாசத்தை எவ்வளவு அழகாக எழுதினாலும், இரு தேசத்துத் தபால் இலாகாக்களும் உடன்படிக்கை செய்துகொண்டாலன்றிக் கடிதம் போய்ச் சேராது. பணத்தின் விஷயமும் அப்படியே. இரு நாட்டு வங்கிகளும் கைகோக்க வேண்டும்.

நமது தேசம் இத்துறையில் பின்தங்கியிருக்கிறதென்று எவரும் சொல்ல முடியாது. 2016-ல் தேசீயப் பணப்பட்டுவாடாக் கழகம் தோற்றுவித்த யு.பி.ஐ. ஏற்பாடு, அந்நிய அட்டைக் கம்பெனிகளுக்குக் கப்பம் கட்டாமலே சாமானிய வியாபாரியும் பணம் பெற வழி செய்தது. 2021-ல் பூட்டானில் அது நுழைந்தது. 2024 பிப்ரவரி 2-ந் தேதி பாரிஸ் நகரத்து ஈபெல் கோபுரத்திலும், அதே மாதம் 12-ந் தேதி இலங்கையிலும் மொரீஷியஸிலும் துவக்கப்பட்டது. சுதேசி முயற்சியொன்று கடல் தாண்டிச் செல்வது கண்டு நாம் பெருமையடைகிறோம். ஆயினும் பெருமை வேறு, பயன் வேறு. ஈபெல் கோபுரத்தின்மேல் ஏறச் சீட்டு வாங்குகிறவர் எத்தனை பேர்? துபாயிலே கட்டடம் கட்டுகிறவரும், சிங்கப்பூரிலே கப்பல் பட்டறையில் உழைப்பவரும் எத்தனை பேர்? கோபுரத்தில் கொடியேற்றிவிட்டுக் கூலிக்காரனின் உணவுக் கடையை மறந்துவிடுவது நியாயமாகாது.

சிங்கப்பூர் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். 2023 பிப்ரவரி 21-ந் தேதி நமது யு.பி.ஐ.யும் அந்நாட்டுப் பே-நௌ ஏற்பாடும் இணைக்கப்பட்டன. தொடக்கத்திலேயே இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அதில் சேர்ந்தது தமிழ்நாட்டுக்கு நலமே. நாளொன்றுக்கு ரூ. 60,000 வரை இங்கிருந்து அனுப்பலாமென்று அப்பொழுது விதிக்கப்பட்டது. ஆனால் இது மனிதருக்கு மனிதர் பணம் அனுப்பும் வழி; கடையில் சாமான் வாங்கும் வழியன்று. சிங்கப்பூர் அரசாங்கத்தார் 2018-ல் பல கம்பெனிகளின் குறிகளையும் ஒரே சீட்டில் சேர்த்தனர். அச்சீட்டுள்ள கடைகளிலெல்லாம் நமது கைப்பேசி செல்லுபடியாகும் நாள் எந்நாள்? 2021-ல் சிங்கப்பூரும் தாய்லாந்தும் தத்தம் ஏற்பாடுகளை இணைத்தன. 2023-ல் மலேசியாவின் கடைக்குறியைச் சிங்கப்பூர்க்காரரும், சிங்கப்பூர்க் கடைக்குறியை மலேசியரும் பயன்படுத்தத் தொடங்கினர். இந்நாடுகளோடும் பிலிப்பைன்ஸோடும் சேர்ந்து 2024-ல் நமது ரிசர்வ் வங்கியும் நெக்ஸஸ் என்ற பொதுத் திட்டத்தில் இறங்கியிருக்கிறது. அது ஏட்டுச் சுரைக்காயாய்ப் போகாதிருக்க வேண்டும்.

பணம் மட்டுமா? எல்லைக் கதவும் இப்பொழுது கைப்பேசியில் அடங்கிவிட்டது. 2024 மார்ச்சு முதல் சிங்கப்பூரின் ஜோகூர் எல்லைச் சாவடிகளில் வண்டியில் செல்வோர் பாஸ்போர்ட்டுக்குப் பதில் கியூ.ஆர். குறியைக் காட்டலாம். தாய்லாந்து 2025 மே 1 முதல் வருகைச் சீட்டை வலைத்தளத்திலேயே நிரப்பச் சொல்கிறது; மலேசியாவும் சிங்கப்பூரும் முன்னரே அவ்வாறு செய்துவிட்டன. கட்டணமின்றி முடியும் இக்காரியத்திற்குப் பணம் பறிக்கும் போலித் தளங்கள் பல. ஆங்கிலம் அறியாத தொழிலாளி தரகனிடம் அகப்பட்டுக்கொள்கிறான்.

மோசடியைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து ஆஸ்டின் நகரில் 2022 ஜனவரியில், வண்டி நிறுத்தக் கட்டணம் வசூலிக்கும் யந்திரங்களின்மேல் கள்ளக் குறிச் சீட்டுகளைக் கயவர் ஒட்டியிருந்தனர். மனிதக் கண்ணுக்கு ஒரு கட்டக் குறிக்கும் மற்றொன்றுக்கும் பேதம் தோன்றாது. கண்ணை மூடிக்கொண்டு பத்திரத்தில் கையெழுத்திடுபவனும், திரையில் தோன்றும் பெயரைப் படியாமல் ரகசிய எண்ணை அழுத்துபவனும் ஒரே தவறைச் செய்கிறார்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் வேண்டியதில்லை என்பதை ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே அரசாங்கத்தாரையும் ரிசர்வ் வங்கியாரையும் நாம் கேட்பவை நான்கு. முதலாவது, நமது உழைப்பாளிகள் மிகுந்த வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் சிறு கடைகள் வரை இவ்வேற்பாட்டை விரிவாக்குக. இரண்டாவது, அந்நிய நாணயத்துக்கு வைத்த விலையையும் வங்கியின் கட்டணத்தையும் தனித்தனியே காட்டிய பிறகே பணத்தைப் பிடிக்க விதி செய்க. ஆற்றிலே கொட்டினாலும் அளந்து கொட்ட வேண்டுமென்பது நம்மவர் வழக்கு. அளவு தெரியாத கட்டணம் மறைமுக வரியேயாகும். மூன்றாவது, அறிவிப்புகளும் எச்சரிக்கைகளும் தமிழில் வருக. நான்காவது, ரொக்கம் கொடுப்பவரை எந்நாட்டிலும் ஒதுக்கலாகாது என்று பேச்சு வார்த்தைகளில் வற்புறுத்துக. கைப்பேசிப் பணம் மிகப் பரவிய சீனத்தில்கூட, ரொக்கத்தை மறுக்கலாகாதென்று மத்திய வங்கியே கடைக்காரருக்கு ஆணையிட நேர்ந்ததை நினைவூட்டுகிறோம்.

நமது பக்கத்திலும் கடமை உண்டு. யந்திரம் வாங்கச் சீனம் செல்லும் கோவை முதலாளிகளுக்கும், சரக்கு விற்க ஐரோப்பா செல்லும் திருப்பூர் பனியன் வியாபாரிகளுக்கும் வழி சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். தாராபுரத்திலிருந்தும் காங்கயத்திலிருந்தும் முதல் முறையாகக் கடல் கடக்கும் வாலிபனுக்கு யார் இருக்கிறார்கள்? நமது வர்த்தக சங்கங்களும் தொழிற் சங்கங்களும் அவனுக்கு ஒரு நாள் பயிற்சியளிக்கலாம். புறப்படுமுன் வெளிநாட்டுப் பட்டுவாடா வசதியைத் தன் வங்கியில் திறந்துகொள்ளவும், அந்நாட்டு ரொக்கம் கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்ளவும், வருகைச் சீட்டைத் தானே நிரப்பவும் கற்பித்தால் போதும். மின்சாரம் தீர்ந்த கைப்பேசி செல்லாக் காசேயன்றோ?

சதுரக் குறி தன்னளவில் ஏழையையும் அறியாது, செல்வனையும் அறியாது. அதற்குப் பின்னாலிருக்கும் ஏற்பாடு யாருக்காகச் செய்யப்படுகிறது என்பதே கேள்வி. அயல் நாட்டில் வியர்வை சிந்துகிறவன் தன் காசைத் தானே அறிந்து, அஞ்சாமல், பிறர் தயவின்றிச் செலவிடும் நாளிலேதான் இந்த வெற்றி தேசத்தின் வெற்றியாகும்.