இரும்புச் சத்து: குறையவும் கூடாது, மிகவும் கூடாது

பள்ளிச் சபைகூடலில் சற்று நேரம் நின்றதும் ஒரு மாணவிக்குத் தலைசுற்றுகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. படித்த பாடம் மனத்தில் பதிவதில்லை. “பிள்ளைக்கு இரத்தம் பற்றவில்லை,” என்று வீட்டில் முடிவு செய்கின்றனர். மறுநாளே மருந்தகத்திலிருந்து இரும்புச் சத்து மாத்திரை வாங்கி வரப்படுகிறது. இது பல வீடுகளில் நடப்பதுதான். அக்கறையால் செய்யப்படும் செயல் என்பதிலும் ஐயமில்லை. ஆயினும், இரத்தத்தைப் பரிசோதிக்காமல் மாத்திரையைத் தொடங்குவது தவறான வழக்கமாகும். ஏனெனில், இரும்புச் சத்து குறைந்தாலும் உடல் கெடும். மிகுந்தாலும் உடல் கெடும்.

வளர்ந்த ஒருவரின் உடலில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு மட்டுமே உள்ளது. அதாவது, ஒரு சிறிய ஆணியின் எடை. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் இருந்து உயிர்வளியைச் சுமந்து செல்ல உதவுகிறது. ஒரு சிறு பகுதி, உயிரணுக்களுக்குள் உணவை ஆற்றலாக மாற்றும் வேலைக்குப் பயன்படுகிறது. எஞ்சியது கல்லீரல் முதலிய உறுப்புகளில் சேமித்து வைக்கப்படுகிறது. ஆகவே, உடலின் வளர்சிதை மாற்றம் சீராக நடைபெற இரும்பு இன்றியமையாதது.

இச்சத்து குறைந்தால் முதலில் பாதிக்கப்படுவது ஆற்றல். சோர்வு, கவனச் சிதறல், மூச்சிரைப்பு ஆகியவை தோன்றுகின்றன. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பத்தில் ஏறக்குறைய மூவருக்கு இரத்தச் சோகை இருந்தது. இதற்கு இரும்புச் சத்துக் குறைவே முக்கியக் காரணங்களுள் ஒன்று. மெலிந்தவர்களுக்கு மட்டுமே இக்குறை வரும் என்று எண்ணுவதும் தவறு. உடல் பருமன் உள்ளவர்களின் உடலில் நீண்டகால அழற்சி இருக்கலாம். அப்போது கல்லீரல், ஹெப்சிடின் என்னும் சுரப்பைக் கூடுதலாக வெளியிடும். அது குடல் இரும்பை உறிஞ்சுவதைத் தடுக்கிறது. வயிறு நிறைய உண்டும் இரும்புச் சத்து குறைவது இதனால்தான்.

மறுபுறம், மிகுதியால் வரும் கேட்டைப் பலர் அறிவதில்லை. தேவைக்கு மேற்பட்ட உப்பைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். இரும்பை அவ்வாறு வெளியேற்ற உடலில் தனி வழி இல்லை. குடல் நாள்தோறும் 1 முதல் 2 மில்லிகிராம் இரும்பை மட்டும் ஏற்று, உள்ளே வரும் அளவைக் கட்டுப்படுத்துகிறது. அக்கட்டுப்பாடு குலைந்தால், மிகுந்த இரும்பு கல்லீரலிலும் இதயத்திலும் கணையத்திலும் படிகிறது. கட்டுறாத இரும்பு, உயிரணுக்களைச் சிதைக்கும் வேதிப்பொருள்கள் உருவாகத் துணைபோகிறது. இன்சுலினைச் சுரக்கும் கணைய உயிரணுக்கள் இத்தாக்குதலைத் தாங்கும் வலிமை குறைந்தவை. பரம்பரையாக இரும்பு மிகும் நோயுள்ள சிலருக்குத் தோல் கறுத்து நீரிழிவும் ஏற்படுவதை 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்களே கண்டனர். அதை ‘வெண்கல நீரிழிவு’ என்றும் அழைத்தனர்.

2019ஆம் ஆண்டில் மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இந்நோய்க்கு இரும்புதான் காரணம் என்று கூற முடியாது. மிகுந்த சர்க்கரை, உடற்பயிற்சியின்மை, உடல் பருமன், பரம்பரை ஆகியவற்றின் பங்கு பெரிது. எனினும், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு உயர்ந்திருப்பவர்களிடையே இரண்டாம் வகை நீரிழிவு கூடுதலாகக் காணப்படுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. தேவையில்லாத மாத்திரையைத் தவிர்க்க இந்த ஓர் எச்சரிக்கையே போதும்.

பரிசோதனை வேண்டும் என்பதற்குத் தலசீமியா மற்றொரு வலுவான சான்று. இந்நோயின் மரபணுவைக் கொண்டவர்களின் சிவப்பணுக்கள் சிறுத்தும் வெளிறியும் இருக்கும். அதைப் பார்த்தால் இரும்புச் சத்துக் குறைவு போலவே தோன்றும். ஆனால், அவர்களுள் பலருக்கு இரும்பு போதிய அளவு இருக்கும். மாத்திரையால் அவர்களுக்குப் பயன் இல்லை. கடுமையான தலசீமியா உள்ளவர்களின் நிலை இன்னும் கடினமானது. அவர்கள் அடிக்கடி ஏற்றிக்கொள்ளும் ஒவ்வொரு பை இரத்தத்திலும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது. அதை அகற்றத் தனி மருந்து உட்கொள்ளாவிட்டால் நீரிழிவும் இதய நோயும் வரக்கூடும். இதனால்தான் சுகாதார அமைச்சு 2016ஆம் ஆண்டு முதல் நான்காம் படிவ மாணவர்களுக்குத் தலசீமியா பரிசோதனையை நடத்தி வருகிறது. ஊசிக்கு அஞ்சி இவ்வாய்ப்பை நழுவவிடுவது அறிவுடைமை ஆகாது.

‘இரத்தச் சோகை பரவலாக இருக்கிறது; மாத்திரையோ மலிவு. எல்லாரும் உட்கொண்டால் என்ன?’ என்று சிலர் கேட்கலாம். மருத்துவர் பரிந்துரைத்த மாத்திரையைத் தவறாமல் உட்கொள்ள வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், சோர்வுக்கு உறக்கக் குறைவு, தைராய்டுக் கோளாறு, நீரிழிவு எனப் பல காரணங்கள் உண்டு. காரணம் அறியாமல் விழுங்கும் மாத்திரை, உண்மையான நோயைக் கண்டறியும் நாளைத் தள்ளிப் போடுகிறது.

மாத்திரையைத் தேடும் முன் உணவுத் தட்டைக் கவனிப்பது நன்று. மீன், கோழி, இறைச்சி ஆகியவற்றில் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்கிறது. கீரை, பருப்பு, கேழ்வரகு போன்றவற்றில் உள்ளதை ஏற்பது சற்றுக் கடினம். அவற்றோடு எலுமிச்சைச் சாறு, கொய்யா போன்ற வைட்டமின் சி நிறைந்த உணவைச் சேர்த்தால் பயன் கூடும். சிற்றுண்டிச்சாலையில் உணவோடு தேநீர் அருந்தும் பழக்கம் அப்பயனைக் குறைத்துவிடும். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளி அருந்துவதற்குச் செலவேதும் இல்லை.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பர் முன்னோர். இரும்புச் சத்துக்கும் இது பொருந்தும். அந்த அளவை ஊகத்தால் அறிய முடியாது. சோர்வுற்ற பிள்ளையை முதலில் மருந்தகத்திற்கு அன்று, இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வதே உண்மையான அக்கறையாகும்.