விருந்துக்கு வேட்டி ஆகாதோ?

காவிரிக்கு அக்கரையில் பவானி, இக்கரையில் குமாரபாளையம். அக்கரையில் சமுக்காளம் பெயர்பெற்றது. இக்கரையில் கைலியும் துண்டும் வேட்டியும். தறியோசை ஓயாத ஊர் இது. ஒரே வீட்டில் ஒருவர் தார் சுற்றுவார், ஒருவர் அச்சுப் பிணைப்பார், ஒருவர் தறியோட்டுவார். பொங்கல்தோறும் ஏழை எளியோர்க்குத் தமிழக அரசு வழங்கும் விலையில்லா வேட்டி சேலைத் திட்டம் 1983இல் தொடங்கியது. அத்துணிகள் நெய்யப்படுவதில் ஈரோடு, திருச்செங்கோடு வட்டாரத் தறிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. நாட்டையே உடுத்துவிக்கும் இவ்வட்டாரத்து நெசவாளி, தான் நெய்த வேட்டியைத் தானே கட்டிக்கொண்டு எந்த விருந்துக்கும் தலைநிமிர்ந்து செல்ல இயலுமா? இயலும் என்று சட்டம் எழுதவே 2014ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. அச்சட்டமும் கரையோடு நின்றுவிடுகிறது. கடலில் மிதக்கும் விருந்துக் கூடங்களில் வேறு சட்டம் ஆள்கின்றது.

இன்பச்செலவுக் கப்பல்கள் இன்று தமிழர்க்குப் புதியன அல்ல. 2022 சூன் திங்களில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே அத்தகைய கப்பலொன்று முதலமைச்சரால் வழியனுப்பப்பட்டது. கோழிப்பண்ணையாலும், சரக்குந்தாலும், ஆழ்துளைக் கிணற்று வண்டியாலும் பொருளீட்டிய நாமக்கல் மாவட்டத்துக் குடும்பங்கள் இத்தகைய செலவுகளை மேற்கொள்ளும் காலம் இது. செல்லட்டும்! கலம் செலுத்தி வாழ்ந்த இனம் கடலில் இன்பம் நுகர்வதில் தவறில்லை. 1906இல் வ.உ. சிதம்பரனார் கப்பல் கும்பணி கண்ட மண் இது. ஆயினும், மேனாட்டுப் பெருங்கப்பல்களில் சீட்டெடுக்கும் தமிழன் கட்டணத்தை அடுத்து முதலில் படிப்பது இரவுவிருந்துக்குரிய உடைவிதியைத்தான். படித்தவுடன் அவன் ஓடுவது கோட்டுத் தைக்கும் கடைக்கு! ஏழு நாள் செலவில் இரண்டே இரவு அணிவதற்காகக் கருங்கோட்டு, அதற்கொரு கழுத்துப்பட்டை, அதற்கேற்ற காலணி. பெட்டியில் வேட்டிக்கு இடமில்லை.

அவ்விதிதான் யாது? பிரித்தானியப் பெயர்பெற்ற குனார்டு கப்பல்களை எடுத்துக்கொள்வோம். மாலை ஆறு மணிக்குமேல் உடையில் ஒழுங்கு வேண்டும் என்பர். சிறப்பு விருந்திரவுகளில் ஆடவர் கருங்கோட்டோ அடர்நிறக் கோட்டுடையோ கழுத்துப்பட்டையோடு அணிதல் வேண்டும். அவ்வாறு அணிய மனமில்லாதவர், தாமே எடுத்துண்ணும் கூடத்திற்கோ அதுபோன்ற வேறிடத்திற்கோ சென்று உண்ணலாம். இது பட்டினி போடுதல் அன்று, உணவு உண்டு. பந்திதான் வேறு!

பந்தி வேறு என்ற சொல் தமிழன் செவியில் விழுந்தால் ஒன்று நினைவுக்கு வரவேண்டும். சேரன்மாதேவிக் குருகுலத்தில் பார்ப்பனச் சிறுவர் இருவர்க்குத் தனிப்பந்தி வைத்தபோது, 1924-25இல் தமிழகமே கொந்தளித்தது. அக்கிளர்ச்சியைப் பெரியாரோடு சேர்ந்து முன்னின்று நடத்திய மருத்துவர் பெ. வரதராசுலு, இம்மாவட்டத்து இராசிபுரத்தில் பிறந்தவர். அங்கும் எல்லாச் சிறுவர்க்கும் உணவு கிடைக்கத்தான் செய்தது. உணவு கிடைத்ததா என்பதன்று அன்றைய வழக்கு. உடனமர்ந்து உண்ணத் தகாதவன் என்று ஒருவனை ஏன் ஒதுக்க வேண்டும் என்பதே வழக்கு. பிறப்பால் ஒதுக்கிய கொடுமையும் உடையால் ஒதுக்கும் செருக்கும் ஓரளவின அல்ல என்பது உண்மைதான். பிறப்பை மாற்ற முடியாது, உடையை மாற்றலாம். ஆனால் மாற்று என்று சொல்பவன் யார்? எதனை உயர்ந்ததென்று வைத்து எதனை மாற்றச் சொல்கிறான்?

அவன் உயர்ந்ததென்று வைத்திருக்கும் அக்கருங்கோட்டின் வரலாற்றைச் சற்றே புரட்டினால் நகைப்பே வரும். அது பேரரசவைகளில் பிறந்ததன்று. 1865ஆம் ஆண்டளவில், பின்னர் ஏழாம் எட்வர்டு மன்னனான இளவரசன், நாட்டுப்புற மாளிகையில் இறுக்கமின்றி உண்பதற்கு வாகாக இருக்கட்டுமென்று, இலண்டனின் என்றி பூல் தையற்கடையில் வாலில்லாத குட்டைக் கோட்டொன்றைத் தைப்பித்துக்கொண்டான். முறைமைக்குரிய வால்கோட்டிலிருந்து விடுபட்டு ஓய்வாக இருக்க அணிந்த உடை அது! பின்னர் 1886 அளவில் அமெரிக்காவின் தக்சீடோ என்னும் ஊர்ச் செல்வர் அதனை மேற்கொண்டனர், ஊர்ப்பெயரே உடைப்பெயராயிற்று. ஒருவன் தளர்வாக இருக்க அணிந்ததை உலகமெல்லாம் விறைத்து நின்று அணிகின்றது. பழம்பெரும் பிரித்தானிய மரபைக் காக்கிறோம் என்னும் அக்குனார்டு கும்பணியே 1998இல் அமெரிக்காவின் கார்னிவல் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. மரபு என்பது அங்கே விற்பனைச் சரக்கு.

இனி வேட்டியைப் பார்ப்போம். வெட்டப்பட்டது வேட்டி, துணிக்கப்பட்டது துணி, துண்டிக்கப்பட்டது துண்டு, அறுக்கப்பட்டது அறுவை. இவ்வேரொழுங்கைப் பாவாணர் பலகால் எடுத்துக்காட்டியுள்ளார். நடுவில் வடவெழுத்தொன்றைச் செருகி அதனை வடசொல்லாக்கிக் காட்டுவார் இன்றும் உளர். தறியில் பாவறுப்பவனைக் கேட்டால் போதும், அச்சொல் எங்கிருந்து வந்ததென்று அவன் கையே காட்டும். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று துணி விற்றவரே புலவராக விளங்கிய மொழி இது. புறநானூற்று 189ஆம் பாட்டில் நக்கீரனார், உலகாளும் வேந்தனுக்கும் காட்டில் விலங்கு தேடித் திரியும் எளியவனுக்கும் உடையின் எண்ணிக்கை ஒன்றே என்று கணக்கெழுதிவிட்டார். இடையில் ஒன்று, தோளில் ஒன்று. தமிழனின் உடைவிதி அதுவே. வாயிலில் நின்று ஆளைத் தரம்பிரிக்கும் விதி அவ்வுடையில் இல்லை.

அவ்வுடைக்கு அதன் நாட்டிலேயே நேர்ந்ததைச் சொல்லவும் நாக்கூசுகிறது. 1832இல் தோன்றிய சென்னை மன்றமும் 1884இல் தோன்றிய சிம்கானாவும் வெள்ளையர் தமக்கென்று வகுத்துக்கொண்டவை. வெள்ளையன் போனான், வாயிற்காவலனுக்கு அவன் கொடுத்த கட்டளை போகவில்லை. 2014 சூலை 11ஆம் நாள், சேப்பாக்கத்தில் தமிழ்நாடு மட்டைப்பந்துக் கழக மன்றத்தில் ஒரு நூல் வெளியீட்டு விழா. அதற்கு வேட்டியோடு வந்த சென்னை உயர்நயன்மன்ற நடுவர் அரிபரந்தாமன் வாயிலிலேயே தடுக்கப்பட்டார். வேட்டியணிந்து வந்த வழக்கறிஞர் இருவர்க்கும் அதே நிலை. எவர்க்கும் நயன் வழங்கும் நடுவர்க்கு, தம் நாட்டில், தம் நாட்டுடையில், ஒரு விழாவுக்குள் நுழைய உரிமையில்லை! தடுத்தவனும் தமிழனே, விதியைக் காத்துவைத்திருந்தோரும் இம்மண்ணினரே. விடுதலை பெற்று 67 ஆண்டு கழித்து நடந்தது இது.

சட்டமன்றம் ஒருமுகமாகக் கொதித்தது. அன்றைய முதலமைச்சர் செயலலிதாவின் அரசு ஆகத்துத் திங்களிலேயே சட்டம் கொணர்ந்தது. வேட்டியோ இந்திய மரபுடை வேறெதுவோ அணிந்து வந்தார் என்பதனாலேயே எவரையும் மன்றம், அரங்கம் முதலிய பொதுவிடங்களில் தடுத்தலாகாது. தடுத்தால் ஓராண்டுவரை சிறையும் 25,000 உரூபாத் தண்டமும், மன்றத்தின் உரிமம் நீக்கமும் உண்டு என்றது அச்சட்டம். நன்று. ஆனால் அண்டை நாடுகளைப் பாருங்கள். 2017இல் கொல்கத்தாவின் பேரங்காடியொன்றில் வேட்டியணிந்த திரைப்பட இயக்குநர் தடுக்கப்பட்டார். 2024 சூலையில் பெங்களூரின் பேரங்காடியொன்றில், மகனோடு திரைப்படம் காண வந்த முதிய உழவர் ஒருவர் வேட்டி கட்டியிருந்ததற்காக நிறுத்தப்பட்டார். கன்னட மக்கள் வாயிலில் திரண்டனர். அவ்வங்காடியை ஏழு நாள் மூடுவதாக அரசு அறிவித்தது. சேலைக்கும் முழுக்காப்பு இல்லை; 2021இல் தில்லி உணவகமொன்று சேலையணிந்த பெண்ணைத் திருப்பியனுப்பியது நாடறிந்த செய்தி.

கோயிலில் மட்டும் வேட்டியைக் கட்டாயப்படுத்தவில்லையா என்று சிலர் எதிர்வினா எழுப்புவர். 2016 சனவரி முதல் நாளிலிருந்து தமிழகக் கோயில்களில் உடைவிதி நடைமுறைக்கு வந்ததும், அத்திங்களிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டதும் உண்மை. அன்று வாயிலில் வேட்டி வாடகைக்கு வாங்கிக் கால்சட்டைமேல் சுற்றிக்கொண்டு போகும் காட்சி வேட்டிக்குப் பெருமையா? ஆணையிட்டுக் கட்டுவிப்பது வேட்டியை வளர்க்காது. ஆணையிட்டுத் தடுப்பது போலவே அதுவும் கோணல். விருந்தழைப்போன் தன் வீட்டு ஒழுங்கைச் சொல்லக்கூடாதா என்று கேட்போரும் உளர். சொல்லட்டும். தூய்மையாக வா, கிழியாததை உடுத்தி வா, நீச்சலுடையோடு வாராதே என்று சொல்லட்டும். கஞ்சியிட்டு மடித்த எட்டுமுழ வேட்டியும் வெண்சட்டையும் இவற்றுள் எதனை மீறுகின்றன?

கப்பல்கள் முற்றாகக் கதவடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். குனார்டு விதியிலேயே, கருங்கோட்டுக்கு ஈடாக முறைமைக்குரிய நாட்டினவுடை அணியலாம் என்று இடம் உண்டு. அவ்விடத்தில்தான் காட்லாந்துக்காரன் தன் கில்ட்டோடு உட்கார்ந்திருக்கிறான். அது இடையில் சுற்றும் கட்டம்போட்ட மடிப்புத்துணிதான். முழந்தாள் வெளியே தெரியும். எவனும் அவனை நகைப்பதில்லை. அவ்வுடை எளிதில் அவ்விடம் பெற்றதா? 1746இல் ஆங்கில அரசு சட்டமியற்றி மலைநாட்டவர் உடையையே தடைசெய்தது. முதன்முறை அணிந்தால் ஆறு திங்கள் சிறை. மறுமுறை அணிந்தால் ஏழாண்டுக்குக் கடல்கடத்தல்! 36 ஆண்டு நின்ற அச்சட்டம் 1782இல்தான் நீக்கப்பட்டது. அதன்பின் நாற்பது ஆண்டில், 1822இல், எடின்பரோவுக்கு வந்த ஆங்கில மன்னன் நான்காம் சார்சே அவ்வுடையை அணிந்து நின்றான். தடைசெய்தவனின் வழிவந்தவனையே கட்ட வைத்தனர். வால்டர் காட்டு முதலிய எழுத்தாளர் அதற்குப் புகழ் தேடினர்; மக்கள் திருமணத்திலும் விருந்திலும் விடாது அணிந்தனர். வேட்டிக்குத் தமிழன் அவ்வளவு செய்தானா?

காந்தியடிகளோடு தமிழர்க்குக் கருத்து வேறுபாடு ஆயிரம் உண்டு. இதில் அவர் கற்பித்ததை மறுக்க இயலாது. 1888இல் கிளைடு என்னும் கப்பலில் இலண்டனுக்குச் சென்ற இளைஞர் காந்தி, கத்தி முள்கரண்டி பிடிக்கத் தெரியாத நாணத்தால் உணவு மேசைக்கே போகாமல் தம் அறையில் தின்பண்டங்களைத் தின்று காலங்கழித்தார்; வெள்ளைக் கம்பளியுடையில் இறங்கி, அங்கு அவ்வாறு அணிந்தவர் தாமொருவரே என்று கண்டு குன்றினார். அவரே 1921 செப்டம்பர் 22 அன்று நம் மதுரையில் அரையாடைக்கு மாறினார். 1931இல் இராசபுதனா கப்பலில் மீண்டும் இலண்டன் சென்றார். அவ்வரையாடையோடே பக்கிங்காம் அரண்மனையில் மன்னனின் தேநீர் விருந்துக்குள் நுழைந்தார். மன்னன் மாளிகை இடிந்துவிடவில்லை! 2019இல் நோபல் பரிசு பெற்ற வங்காளி அபிசித் பானர்சி, வால்கோட்டு நிறைந்த சுவீடன் அரங்கில் வேட்டியோடு நின்று மன்னன் கையால் பரிசு வாங்கினார். வங்காளிக்கு வந்த துணிவு தமிழனுக்கு வரலாகாதா?

இழுக்கு கப்பற்காரனிடம் மட்டும் இல்லை. குமாரபாளையத்துத் திருமண மண்டபத்தில் மாலை வரவேற்பில் மணமகன் எதனை அணிந்து நிற்கிறான்? சித்திரை வெயிலில், வியர்வை வழிய, கோட்டு! விடியலில் தாலிகட்டும் ஒரு நாழிகைக்குப் பட்டுவேட்டி. படம் பிடித்து ஊருக்குக் காட்டும் பொழுதுக்குக் கருங்கோட்டு. ஆங்கிலவழிப் பள்ளியில் மூன்றகவைக் குழந்தைக்கே கழுத்துப்பட்டை. தறியோட்டும் தந்தை தான் நெய்ததை மகனுக்கு உடுத்திப் பார்க்கத் தயங்குகிறான். கழுத்தை இறுக்குவதே படிப்பின் அடையாளம் என்று நம்பவைக்கப்பட்டிருக்கிறான். தன் திருமணத்தில் வேட்டியை ஒளிப்பவன் கப்பல் விருந்தில் அதனை உடுத்துவான் என்று எவ்வாறு எதிர்பார்ப்பது? கில்ட்டு அணிபவன் ஊரில் அணிகிறான். அதனால் கடலிலும் அணிகிறான்.

2014ஆம் ஆண்டுச் சட்டம் தமிழக எல்லைக்கு உட்பட்டது. பெருங்கடலில் கப்பல் எந்நாட்டுக் கொடியைத் தாங்குகிறதோ அந்நாட்டுச் சட்டமே செல்லும். எனவே அங்கே வழக்குமன்றம் துணைவாராது. விதியில் உள்ள ‘நாட்டினவுடை’ என்னும் ஒரு சொல்லே துணை. அச்சொல்லுக்கு வேட்டி அடங்குமா என்று முடிவுசெய்யும் உரிமையை விருந்துக்கூட வாயிலில் நிற்கும் பணியாளனிடம் விட்டுவிடலாகாது. சீட்டெடுக்கும் தமிழர், பணம் கட்டுமுன்னரே கும்பணிக்கு எழுதிக் கேட்க வேண்டும்: கரைவேட்டி, வெண்சட்டை, தோளில் துண்டு, இவை சிறப்பு விருந்துக்கு ஏற்கப்படுமா? ஏற்கப்படும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு ஏற வேண்டும். ஏற்கோம் என்றால் அப்பணத்தை வேறு கப்பலுக்குக் கொடுக்கலாம். உடைவிதியே வைக்காத கப்பல்களும் இன்று கடலில் ஓடுகின்றன. கோட்டுக்குச் செலவிடும் தொகையில் சேலம் வெண்பட்டில் வேட்டியும் துண்டும் வாங்கினாலும் மிச்சம் நிற்கும். அம்மிச்சத்தில் குமாரபாளையத்துத் துண்டு பத்து வாங்கிக் கப்பலில் உடனுண்ணும் அயலார்க்குக் கையுறையாகக் கொடுக்கலாம்.